தலையணை விற்ற தாலாட்டு

அன்புள்ள உம்மாவுக்கு லமீஸின் ஸலாம்.

இவ்வளவு நாள் கழித்து எழுதுவதற்குக் கோபிக்காதீர்கள். லாஸ்பேட்டை அறைக்கு வந்து படுத்தால், உங்கள் மூட்டுவலி எப்படியோ, என் பிள்ளை அய்மான் தூங்கினானோ என்றே மனம் நாகூருக்கு ஓடுகிறது.

நான் நலம். எங்கள் சின்னக் கம்பெனியின் இலவம்பஞ்சுத் தலையணைகளை இன்ஸ்டாகிராம் லைவில் காட்டி விற்பதுதானே என் வேலை? நேற்று லைவை நிறுத்திவிட்டதாக நினைத்து, ஒரு குட்டித் தலையணையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். அய்மானுடைய தாலாட்டு தானாக வந்துவிட்டது. கம்பெனி அறையெல்லாம் பஞ்சு மிதந்தது. அவன் மூச்சு என் முழங்கையில் படுவது போலவே இருந்தது.

முதலாளி ஜலால் பாய் ஓடி வந்தார். "யம்மா லமீஸு, லைவ் இன்னும் ஓடுதும்மா! தலையணை வர்றதுக்குள்ளயே எம்புள்ள தூங்கிட்டான்னு ஒரு அம்மா எழுதியிருக்காங்க பாரு!"

ஆர்டர்கள் குவிந்தன. தினமும் பாடச் சொல்கிறார். விற்பனை இப்படியே போனால் இங்கே வீடு பார்த்து உங்கள் இருவரையும் அழைத்துக்கொள்ளலாம். ஆனால் உம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். போனில் என் குரல் கேட்டால் அய்மான் ஏங்கி அழுகிறான் என்றீர்கள். அன்றிலிருந்து அவனோடு பேசுவதேயில்லை. அவனுக்கில்லாத பாட்டை ஊருக்கு எப்படிப் பாடுவேன்?

அவனுடைய தலையணை உறை ஒன்றைத் துவைக்காமல் அனுப்புங்கள், அவன் வாசம் என்னோடு இருக்கட்டும். நேற்றுப் பாடிய அந்த லைவ் வீடியோவைத் தங்கை மஹ்பூபாவின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். அவனுக்குக் கண் சொருகும்போது மெதுவாகப் போடுங்கள். அழுதால் உடனே நிறுத்திவிடுங்கள்.

அதைத் தெரிந்துகொண்டுதான் ஜலால் பாய்க்குப் பதில் சொல்வேன். கண் எரிகிறது, முடிக்கிறேன். அழுதானா, தூங்கினானா என்று சீக்கிரம் பதில் எழுதுங்கள் உம்மா.