பதினோராவது கையெழுத்து

நகோயா,
12.5.2025

அன்புள்ள கவி,

நலம். ஜப்பான் தலைமை ஆபீசுக்குப் பயிற்சிக்கு வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. ஹலால் கடை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன், நீ கவலைப்படாதே.

நம் அம்பத்தூர் ஆலைக்கு வந்து, வெல்டிங் லைனில் முதன்முதலாகப் பெண்களை நிறுத்திய மோரிகவா மேடத்தை நம் ஆலைக்கே தலைவராக அனுப்பப் பேச்சு நடக்கிறது. கம்பெனியில் இதுவரை எந்த ஆலைக்கும் பெண் தலைவர் கிடையாது. இங்கே எந்த முடிவுக்கும் ஒரு தாள் மேஜை மேஜையாகச் சுற்றும், ஆளாளுக்குச் சிவப்பு முத்திரை வைப்பார்கள். சின்னவர்கள் தங்கள் முத்திரையைப் பெரியவர் பக்கம் கொஞ்சம் சாய்த்து வைப்பது மரியாதையாம், கும்பிடுகிற மாதிரி. மேடத்தின் முத்திரை மட்டும் நேராக நிற்கும். இருபது வருஷ சர்வீஸ். இன்றைக்கும் மீட்டிங்கில் டீ ஊற்றுவது அவர்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நம் ஆலையின் கருத்தையும் கேட்டிருக்கிறார்கள். அவர் வந்தால் உன்னை லைன் லீடர் ஆக்குவார். அங்கே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று விசாரித்து எழுது.

உன்
ஃபஸீலா


கோவில்பதாகை,
21.5.2025

அன்பு ஃபஸீ,

போனை எடுக்கவில்லை என்று கோபிக்காதே. இப்போதெல்லாம் எழுதுவதுதான் எனக்குச் சௌகரியம். பாப்பாவுக்குப் பல் முளைக்கிறது, எதைக் கண்டாலும் கடிக்கிறாள். உன் அம்மா பூந்தமல்லியிலிருந்து பிரியாணி கொடுத்தனுப்பினார்கள். சூப்பர்வைசர் திருமுருகன் எனக்குப் பகல் ஷிஃப்ட் போட்டுவிட்டார்.

ஆலையில் விசேஷமாக ஒன்றும் இல்லை.

கவிப்பிரியா


நகோயா,
2.6.2025

கவி,

விசேஷம் இங்கே வந்துவிட்டது. 'பெண் தலைவர் வேண்டாம், ஒழுங்கு கெடும்' என்று ஆங்கிலத்தில் ஒரு தாள். அடியில் பதினாலு தமிழ்க் கையெழுத்து, அத்தனையும் பெண்கள். பதினோராவது உன்னுடையது.

மேடம் என்னைக் கூப்பிட்டார். "இவர்கள் யார்? திட்டுவதற்கு இல்லை. என்ன பயம் என்று கேட்க வேண்டும்" என்றார். இந்த ஆபீசில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். "ஒரே கிறுக்கல், படிக்க முடியவில்லை" என்று பொய் சொன்னேன். அவர் நன்றி சொல்லி எனக்கும் டீ ஊற்றினார்.

மாதக் கடைசியில் முடிவு. உன் மேல் எனக்கு ரொம்பக் கோபம்டி.

ஃபஸீலா


கோவில்பதாகை,
11.6.2025

ஃபஸீ,

கோபப்படு, தப்பில்லை. திருமுருகன் தாளை நீட்டி, "இன்னா கவி, கைக்கொயந்தைய உட்டுட்டு ரெண்டாம் ஷிஃப்ட்டுக்கு வந்துகினு இருப்பியா? போடு, பகல் ஷிஃப்ட் உனக்குத்தான்" என்றார். மேடம் என் கையைப் பிடித்து வெல்டிங் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. அப்படியும் போட்டேன். வெட்கமாக இருக்கிறது.

நேற்று திருமுருகனிடமே போய், என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். "சரிம்மா, உன் இஷ்டம்" என்றார். திங்கள் முதல் எனக்கு இரண்டாம் ஷிஃப்ட். மாமியார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் பாப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்தார்.

திருமுருகன் அதை மேலே அனுப்பமாட்டார் என்று தெரியும். அதனால் அதையே இன்னொரு தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அந்தப் பதினாலு பேரில் ராஜகுமாரியும் எழிலும்கூடக் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

மேடத்திடம் கொண்டுபோய்க் கொடு. என்ன பயம் என்று கேட்டாரே, அதையும் சொல்லு. அந்தத் தாளில் பதினோராவதாக இருக்கும் பேரைச் சத்தமாகப் படி. அப்புறம் இதில் இருப்பதையும் படி.

இந்தத் தடவை நேராகப் போட்டிருக்கிறேன்.

கவிப்பிரியா