எதிரில் உட்கார்ந்து ஒரு வாய்

அன்புள்ள குட்டிம்மாவின் அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்களும் குட்டிம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் இடுப்பு வலி விட்டதா?

ஏழு மாதமாகியும் அவள் ஸ்பூனைக் கண்டாலே வாயை இறுக்கி மூடிக்கொள்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். பயப்படாதீர்கள். நான் வேலை செய்யும் குழந்தைக் காப்பகத்திலும் அதே வயதில் ஒரு குண்டுப்பயல் இருக்கிறான். பத்து நாளாகக் காக்கா காட்டினேன், பாட்டுப் பாடினேன், குட்டிக்கரணம் போடாத குறைதான். ஊட்டியதெல்லாம் என் சட்டைக்குத்தான் போனது.

நேற்று காலையில் நான் சாப்பிடாமல் ஓடி வந்ததால் பசியில் கண் இருட்டியது.

"போடா, உனக்கு வேணாம்னா நானே சாப்பிடுறேன்" என்று அவன் எதிரில் உட்கார்ந்து, மசித்த உருளைக்கிழங்கை வேறு ஸ்பூனில் எடுத்து விழுங்கினேன். பயல் என் வாயையே உற்றுப் பார்த்தான். அப்புறம் ஆவென்று வாயைத் திறந்தான்!

தலைமை ஆயா பார்த்துவிட்டார். "என்னம்மா, நீ அவனுக்கு ஊட்டுறியா, அவன் உனக்கு ஊட்டுறானா?" திட்டுவாரென்று நினைத்தேன், சிரித்துவிட்டார்.

நீங்கள் நின்றுகொண்டுதானே ஊட்டுவீர்கள்? இனி உங்கள் தட்டோடு அவள் எதிரில் உட்காருங்கள். துப்பினால் வற்புறுத்த வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போனை அவள் பக்கத்தில் நிறுத்தி வையுங்கள், நானும் வீடியோவில் தட்டோடு வருகிறேன். வேலைக்காக இந்த ஊருக்கு வந்த மூன்று மாதத்தில் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட ஒரே ஆள் அந்தக் குண்டுப்பயல்தான்.

அழ ஆரம்பித்துவிட்டான், ஓடுகிறேன்.

உங்கள்,
குட்டிம்மாவின் அம்மா