மேட்டுக்கு அப்பால் இருந்த ஏரி

மச்சாள்,

இன்று கோத்-தே-நேஜ் வீதி இறக்கத்தில் பஸ் இறங்கும்போது பிரேக் கருகிய மணம் அடித்தது. பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு நீங்கள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி இருந்த அந்த மலைப்பாதை நினைவுக்கு வந்துவிட்டது.

நான் அண்ணை என்று கூப்பிட்ட உங்கள் கணவர் இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அவர் வாங்கிவைத்த மடிப்புக் கூடார ட்ரெய்லரை விற்றுவிடச் சொல்லி உங்கள் தம்பி, என்னுடைய வீட்டுக்காரர், எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார். நீங்கள் கேட்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாகனத் தரிப்பிடம் காலியானதும், ஜீப்பில் ட்ரெய்லரைக் கொளுவிப் பின்பக்கமாக ஓட்டிப் பழகினீர்கள். "ட்ரெய்லர் இடப்பக்கம் போகவேணுமெண்டால் நாங்கள் வலப்பக்கம் வெட்டவேணும். அவரைப்போலதான், நேராச் சொன்னாக் கேளாது" என்று சிரித்தீர்கள்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில், வடக்கே மரம் வெட்டுகிறவர்களுக்குச் சமைத்துப் போட்டவர் அண்ணை. அங்கே இருந்த ஓர் ஏரியின் கரையில் உங்களோடு ஓர் இரவாவது தங்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. அவர் இல்லாமலே அதை நிறைவேற்ற, கோடையில் என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு புறப்பட்டீர்கள்.

தார் ரோட்டு முடிந்தபின் மழை அரித்த பள்ளங்களும் உருளும் கற்களும்தான். ஏற்றங்களில் நாலு சில்லும் இழுக்க ஊர்ந்து போனோம். இறக்கங்களில் ட்ரெய்லர் பின்னாலிருந்து எங்களைத் தள்ளியது. கடைசி ஏற்றத்தில் பாதிக்கு மேல் சில்லுகள் சுழன்றனவே தவிர வண்டி நகரவில்லை. ட்ரெய்லர் பள்ளத்துப் பக்கம் சரியத் தொடங்கியது. என் கை தானாக வயிற்றுக்குப் போனது. நீங்கள் அதைப் பார்த்தீர்கள்.

"எத்தினை மாசம்?"

"மூண்டு."

"அவனுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"இறங்கு. அந்தப் பாறைக்குப் பின்னால போய் நில்."

நான் நின்றேன். நீங்கள் தனியே, கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அந்த வண்டியையும் ட்ரெய்லரையும் அங்குலம் அங்குலமாகப் பின்னுக்கு இறக்கினீர்கள். அடிவாரத்துச் சமதரையில் நிறுத்திய பிறகுதான் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தீர்கள்.

அங்கேயே கூடாரத்தை விரித்தோம். பின்னேரம், நாலு சில்லு மோட்டார் சைக்கிளில் ஒரு மீன்பிடிகாரர் வந்தார். ஏரி மேட்டுக்கு அந்தப் பக்கம்தான், ஒருவரை ஏற்றிப்போய்க் காட்டிக் கொண்டுவந்து விடுகிறேன் என்றார். "பா லுவான், மதாம்." தூரமில்லையாம். நீங்கள் மேட்டைப் பார்த்தீர்கள், பிறகு என்னைப் பார்த்தீர்கள்.

"மெர்சி" என்று அவரை அனுப்பிவிட்டு என்னிடம், "பேந்து பாப்பம். அடுத்த வருசம் ட்ரெய்லர் இல்லாமல் வருவம்" என்றீர்கள்.

காலையில் நான் சத்தி எடுத்ததும், வாய் கொப்பளிக்கத் தண்ணீர் தந்துவிட்டுக் கூடாரத்தை மடித்தீர்கள்.

பனிக்காலத்தில் மகள் பிறந்தாள். அதற்குள், இலையுதிர் காலத்தில் உங்களுக்குக் கண்ட நோய் முற்றிவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவளை மடியில் வைத்துக்கொண்டு, "பனி கரையட்டும், இவளையும் கொண்டு போவம்" என்றீர்கள். பனி கரையுமுன்னே போய்விட்டீர்கள்.

நாலு வயது மகளோடு, போன கோடையில் நானும் உங்கள் தம்பியும் அங்கே போனோம். வண்டியை அடிவாரத்தில் விட்டுவிட்டு நடந்தோம். மகள் ஒரு தடவைகூடத் தூக்கச் சொல்லவில்லை, அவ்வளவு கிட்ட. நாங்களும் அன்றைக்கு மெல்ல மெல்ல நடந்தே போயிருக்கலாம், மச்சாள். இருவருக்குமே அது தோன்றவில்லை.

தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு, இந்த இடத்தை எங்களுக்கு யார் காட்டியது என்று மகள் பிரெஞ்சில் கேட்டாள்.

"மாமி, அப்பாவின்ர அக்கா" என்றேன்.

மாமி இதைப் பார்த்ததே இல்லை என்பதை அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.