மேலறைக்குக் காப்பீடு கிடையாது

அன்புள்ள கப்பல்காரருக்கு,

நானும் மகளும் நலம். வீடு நலமா என்பதுதான் இப்போது கேள்வி, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் எதைக் கேட்டாலும் "சரி, பாத்துக்கலாம்" என்பீர்கள், அதோடு சிக்னலும் போய்விடும். கடிதம் என்றால் இரண்டு தடவையாவது படிப்பீர்கள். உங்கள் கம்பெனி ஆபீஸில் கொடுத்தால் அடுத்த துறைமுகத்தில் உங்கள் கைக்கு வந்துவிடும் என்று சொன்னார்கள்.

விஷயம் இதுதான். இத்தனை காலம் நம் வீட்டுக்குக் காப்பீடு கொடுத்துவந்த கம்பெனி கையை விரித்துவிட்டது. கடலோரத் தெருக்களில் இனிமேல் வீடுகளை எடுப்பதில்லையாம், இந்த மாதத்தோடு நமக்கு முடிகிறதாம். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். எங்கள்மேல் வைத்த நம்பிக்கைக்கு நன்றி என்றெல்லாம் இருந்தது. அது ஒருபக்கம் இருக்க, பேங்கிலிருந்து போன் வந்தது. வீட்டுக் கடன் முடியும்வரை காப்பீடு இருந்தே தீரவேண்டும், நாம் எடுக்காவிட்டால் அவர்களே ஒன்றை எடுத்து நம் தலையில் கட்டிவிடுவார்கள். அது அவர்கள் கடனுக்குத்தான் பாதுகாப்பு, நம் கட்டில் பீரோவுக்குக்கூட உதவாது.

புயல் பருவம் வேறு தொடங்கிவிட்டது. ரேடியோவில் இன்ன புயல் வருகிறது என்று அறிவித்துவிட்டால், அது கடந்துபோகும்வரை எந்தக் கம்பெனியும் புதிதாகக் கையெழுத்துப் போடாதாம். மழை வந்தபிறகு குடை விற்கமாட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் ஆற அமர யோசிக்க நேரமில்லை.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் அண்ணன் வந்திருந்தார். வீட்டைப் பேசாமல் விற்றுவிட்டு மேட்டுப் பக்கம் வந்துவிடச் சொல்கிறார். அவர் வீட்டு மாடி காலியாகத்தான் இருக்கிறதாம். நல்ல மனதோடுதான் சொன்னார், எனக்குத் தெரியும். நான் டீயைக் கொடுத்துப் பேச்சை மாற்றிவிட்டேன். எனக்கு இந்த வீட்டை விட மனம் வரவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்கு நடந்தே போகிறேன், மகள் பள்ளியிலிருந்து நடந்தே வருகிறாள். நீங்கள் கப்பலை விட்டு வந்து உட்காரப்போகும் இடம் என்று நான் நினைத்து வைத்திருப்பதும் இந்த வீட்டைத்தான்.

கேட்டுப் பார்த்ததில் இரண்டு கம்பெனிகள் நம் தெருவை எடுக்கச் சம்மதிக்கின்றன. முதலாவது மலிவு. அதன் ஏஜென்ட் தேன் ஒழுகப் பேசுகிறார். வீட்டைப் பார்க்கக்கூட வரவேண்டாமாம், நாலு போட்டோ அனுப்பினால் மறுநாளே பாலிசி கையில். இரண்டாவது கம்பெனியில் பிரீமியம் கூடுதல், அவர்கள் சர்வேயர் வந்து கூரைமேல் ஏறிப் பார்த்தபிறகுதான் பேச்சே.

மலிவான பாலிசியைக் கடைக்கு எடுத்துப்போய் வாசிப்புக் கண்ணாடி போட்டுப் படித்தேன். அதன் எழுத்துக்கு அந்தக் கண்ணாடியும் போதவில்லை, பூதக்கண்ணாடியை வைத்தேன். முதலாளி எட்டிப் பார்த்து, இப்படி அச்சடிக்கிறவர்கள் இருக்கும்வரை நம் கடைக்குக் கவலையில்லை என்றார். காற்றால் வரும் சேதம் உண்டு, கடல் ஏறி வந்தால் கிடையாது என்று போட்டிருக்கிறது. அது பரவாயில்லை, தண்ணீருக்குத் தனியாக எடுத்துக்கொள்ளலாம். கடைசிப் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. அனுமதி வாங்காமல் கூட்டிக் கட்டிய பகுதிக்கும், அதனால் வீட்டின் மற்ற பகுதிக்கு வரும் சேதத்துக்கும் அவர்கள் பொறுப்பில்லை.

உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். கேப்டன் ரூம்தான். நீங்கள் கேப்டன் இல்லை, இன்ஜின் ரூமில் எண்ணெய்க் கையோடு நிற்கிறவர் என்று எத்தனை சொன்னாலும் நம் தெருவுக்கு அது கேப்டன் ரூம்தான். மொட்டைமாடியில் அரைச் சுவர் எழுப்பி, மேலே தகரம் அடித்து, அந்தக் கூரையின் இரும்புச் சட்டத்தை, மாடியை ஒட்டி நிற்கும் ஹாலின் ஓட்டுக்கூரைச் சட்டத்தோடு சேர்த்து முடுக்கினீர்களே, ஒரு லீவு முழுக்க. "கப்பலே ஆடினாலும் கழலாத போல்ட் இது" என்று என்னையும் கூப்பிட்டுக் காட்டினீர்கள். கரைக்கு வந்தபிறகு மோட்டாரும் பம்பும் பழுதுபார்க்கும் பட்டறை அதில்தான் என்றீர்கள். மேசைகூடப் போட்டாகிவிட்டது. மேசைக்காரரைத்தான் காணோம்.

ஒப்பந்தத்தை மறுபடியும் நீட்டிக்கச் சொல்கிறார்கள் என்று போனமுறை சொன்னீர்கள். நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. இந்தக் கடிதத்திலும் சொல்லவில்லை.

எந்தக் கம்பெனியை எடுக்கட்டும்? கடிதம் கிடைத்ததும் எழுதுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள், காதில் பஞ்சு வைக்காமல் இன்ஜின் பக்கம் நிற்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டைக் காவல் காக்கும்
வீட்டுக்காரி

*

அன்புள்ள கப்பல்காரருக்கு,

உங்கள் பதில் இன்னும் வரவில்லை. ஆபீஸில் போய்க் கேட்டேன். துறைமுகத்துக்கு வெளியே உங்கள் கப்பல் வரிசையில் நிற்கிறதாம், முறை வந்து உள்ளே போனால்தான் தபால் ஏறுமாம். போனும் எடுக்கவில்லை. நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று அவர்கள் சொன்னதை நம்பிக்கொண்டு எழுதுகிறேன்.

நான் காத்திருக்கவில்லை. ரேடியோவில் தெற்கே காற்றழுத்தத் தாழ்வு ஒன்று உருவாகியிருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். அது புயலாகிவிட்டால் கம்பெனிகள் கதவைச் சாத்திவிடும். அதனால் இரண்டாவது கம்பெனியை வரச்சொன்னேன்.

சர்வேயர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். கையில் டார்ச்சும் டேப்பும், காலில் ஆண்கள் போடும் பூட்ஸ். வாசலில் நின்றபடியே கேள்விகள் தொடங்கிவிட்டன. வீடு எப்போது கட்டியது, சுவர் என்ன, வீட்டில் எத்தனை பேர், நாய் உண்டா, போன புயலில் தண்ணீர் எதுவரை வந்தது. பாதிக்கு மேல் நம் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டதுபோலத்தான் இருந்தது. பதில் ஏதாவது பொய்யாக இருந்தால் பாலிசியே செல்லாமல் போய்விடும் என்று முன்கூட்டியே சொல்லி, அந்த வரியை விரலால் காட்டவும் செய்தார். நானும் மறைக்காமல் சொன்னேன்.

ஹால் கூரையைப் பார்த்துத் தலையாட்டினார். ஜன்னல் பலகைகளைப் பார்த்துத் தலையாட்டினார். மாடிப்படி ஏறியதும் தலையாட்டுவது நின்றுவிட்டது. கட்டியவர் கப்பலில் வேலை செய்பவரா என்று கேட்டார். எப்படித் தெரியும் என்றேன். இப்படி முடுக்கினதைத் தரையில் எங்கும் பார்த்ததில்லை என்றார். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, பொய் சொல்லவில்லை. அந்தப் பெருமை கீழே இறங்குவதற்குள் போய்விட்டது.

"கெட்டியாத்தான் கட்டியிருக்கார். அதுதான் பிரச்னையே. தகரம் தனியா இருந்தா, பெருங்காத்துல அது மட்டும் பறந்துடும். இப்போ இது கிளம்பினா ஹால் கூரையையும் கையோட கூட்டிட்டுப் போகும்."

சொல்லிவிட்டு அவர் சட்டத்தைத் தட்டிக் காட்டினார். கப்பலில் எல்லாம் ஒரே உடம்பு, எல்லாம் சேர்ந்து ஆடும், சேர்ந்து மிதக்கும். வீட்டில் அப்படிக் கூடாதாம். மேலே இருப்பது போகவேண்டி வந்தால் கீழே இருப்பதை விட்டுவிட்டுப் போகவேண்டும். கேப்டன் ரூம் இருக்கும்வரை அவர் கம்பெனி நம் வீட்டைத் தொடாது என்றார். கூரையை எடுத்துவிட்டால் அரைச் சுவர் மாடிக் கைப்பிடிச் சுவராக இருந்துவிட்டுப் போகட்டும், உடனே கையெழுத்துப் போடலாம் என்றார்.

அவர் போனபிறகு நான் மேலே போய் உங்கள் மேசைப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். மலிவு ஏஜென்டுக்கு நாலு போட்டோ அனுப்பினால் தீர்ந்தது விஷயம். மாடியை விட்டுவிட்டு முன்பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்தால் யார் பார்க்கப்போகிறார்கள்? பேங்க் வாயை மூடிக்கொள்ளும், அறையும் அப்படியே இருக்கும். ஆனால் காற்று ஹால் கூரையைக் கழற்றும் அன்றைக்கு அந்தக் கடைசிப் பக்கத்தைத்தான் எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டுவார்கள். அப்புறம் வீடும் இல்லை, அறையும் இல்லை, உங்கள் அண்ணன் மாடிதான்.

அறையின் கூரையை எடுக்கச் சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல்தான்.

வெல்டிங் கடைக்காரர் ஆளோடு வந்தார். ஸ்பானரைப் போட்டுத் தொங்கிப் பார்த்தார்கள், ஒரு போல்ட்கூட அசையவில்லை. இதைக் கட்டின மகராசன் எங்கே, வந்து அவரே கழற்றட்டும் என்று புலம்பினார் கடைக்காரர். நாங்களும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்றாள் மகள். அவளுக்கு வாய் நீளம் யாரால் வந்தது என்று தெரியவில்லை. கடைசியில் மசகு ஊற்றி ஊறவைத்து, நம் வீட்டுச் சட்டத்தோடு சேர்ந்த இடங்களை மட்டும் கேஸ் கட்டரால் வெட்டினார்கள். மற்ற போல்ட்டுகளை முழுசாகக் கழற்றித் தரவேண்டும், ஒன்றைக்கூட வெட்டக்கூடாது என்று நான் பக்கத்திலேயே நின்றேன். எல்லாம் பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருக்கிறது. மேசை ஹாலில் இருக்கிறது. ஹால் முழுக்க கிரீஸ் வாசனை. மகள் அதில் உட்கார்ந்துதான் படிக்கிறாள்.

தகரம் இறங்கியபோது அவள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். எனக்கும் அழுகை வந்தது. அழுதேன், அப்புறம் எல்லாருக்கும் டீ போட்டேன்.

பாலிசியில் கையெழுத்தாகிவிட்டது. இடிந்தால் பழைய விலை பார்க்காமல் புதிதாகக் கட்டும் செலவைத் தருவது எதுவோ அதைத்தான் எடுத்திருக்கிறேன். புயல் சேதத்தில் நம் பங்கைக் கொஞ்சம் கூட்டி ஒத்துக்கொண்டதால் பிரீமியம் நம் கைக்குள் வந்தது. ஓடு உடைந்தால் நாம் பார்த்துக்கொள்வோம், வீடே போனால் அவர்கள் பார்க்கட்டும். கடல் தண்ணீருக்கும் தனியாக எடுத்தாகிவிட்டது, அது மட்டும் ஒரு மாதம் கழித்துத்தான் நடப்புக்கு வரும்.

போகும்போது சர்வேயரிடம் கேட்டேன், அந்த அறையை மறுபடி கட்டவே கூடாதா என்று. "தாராளமா கட்டலாம். அனுமதி வாங்கி, கான்கிரீட் கூரை போட்டு, ஹாலைத் தொடாம கட்டச் சொல்லுங்க. நானே வந்து பாலிசியில சேர்த்துத் தரேன்" என்றார். ஒரு தாளில் படமும் போட்டுக் கொடுத்தார். இதோடு வைத்திருக்கிறேன்.

கோபம் வந்தால் எழுத்தில் கொட்டிவிடுங்கள், மனதில் வைத்துக்கொண்டு இன்ஜின் பக்கம் போகவேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அறையைப் பிரித்த
வீட்டுக்காரி

*

அன்புள்ள கப்பல்காரருக்கு,

முதலில் நல்ல செய்தி. புயல் வந்தது, போய்விட்டது. நாங்கள் நலம், வீடும் நலம்.

என் முதல் கடிதத்துக்கு நீங்கள் எழுதிய பதில் புயலுக்கு முந்தின நாள்தான் வந்தது. "மேலறையைத் தொடாதே, நான் வந்து பார்க்கிறேன்" என்று ஒரே வரி. ஜன்னல்களுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தபோது படித்தேன். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். தொடுவதற்கு அங்கே என்ன இருக்கிறது?

கடலோரத் தெருக்காரர்கள் எல்லாரும் கிளம்பவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் அண்ணன் வீட்டு மாடிக்குப் போய்விட்டோம். பாலிசியை நெகிழிப் பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு போனேன். காற்று காலையில் ஆரம்பித்துச் சாயங்காலம்வரை அடித்தது. அண்ணன் ரேடியோவை விட்டு நகரவில்லை. வீடு போனாலும் பரவாயில்லை, நீங்கள் ரெண்டு பேரும் இங்கே இருக்கிறீர்களே என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குப் பரவாயில்லை என்று இல்லை. அந்தக் கூரை நிற்கவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் அண்ணனும் எங்களோடு வந்தார். தெரு முனையிலிருந்தே ஹால் கூரை தெரிந்தது. முழுசாக. மகள் என் கையை விட்டு ஓடினாள். தண்ணீர் கேட் வரை வந்து திரும்பியிருக்கிறது, தண்ணீருக்கான பாலிசி இன்னும் கண் விழிக்கவில்லை என்று கடலுக்கே தெரிந்திருக்கும் போல. கேட் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, ஓடு கொஞ்சம் உடைந்திருக்கிறது. அதெல்லாம் நம் பங்கு.

மாடிக்குப் போனால், எதிர் வீட்டு டீச்சரின் கார் கொட்டகைத் தகரம் அங்கே கிடக்கிறது. தெருவைத் தாண்டிப் பறந்து வந்து, சரியாக உங்கள் மேசை இருந்த இடத்தில் விழுந்திருக்கிறது, இரண்டாக மடிந்து. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வெட்டிய சட்டத்தைத் தடவிப் பார்த்தார். வீட்டை விற்பதைப் பற்றி அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. சாயங்காலம் கான்கிரீட் போடும் மேஸ்திரி ஒருவரின் போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார். டீச்சரும் சர்வேயர் நம்பரை என்னிடம் வாங்கிக்கொண்டார்.

இன்றைக்கு உங்கள் இரண்டாவது பதிலும் வந்தது. கோபம் இருக்கும் என்று நினைத்துப் பிரித்தேன். சர்வேயர் போட்ட படத்தில் படிக்கட்டு தப்பாக இருக்கிறது, ஜன்னல் மேற்கே வேண்டாம், கிழக்கே வேண்டும் என்று நீங்கள் திருத்தி அனுப்பியிருக்கிறீர்கள். அதைப் பார்த்தபிறகு எனக்கு வேலை ஓடவில்லை. கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு இன்னொருவர் கண்ணாடியை மாட்டிவிட்டேன். அவர் நன்றாகத் தெரிகிறது என்று சொன்னது வேறு கதை.

ஆனால் ஒப்பந்தத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அதனால் நான் இப்போது சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு சர்வேயர் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார் அல்லவா? நான் மூன்று பேர் என்றேன். அவர் ஷூ ஸ்டாண்டைப் பார்த்தார், கொடியில் காயும் துணியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். மூன்றா என்று கேட்டார். மூன்று, எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். எழுதிக்கொண்டார். பாலிசியில் அச்சாகியே வந்துவிட்டது.

பதில் பொய்யாக இருந்தால் பாலிசி செல்லாது என்று அவர்தான் விரல் வைத்துக் காட்டினார். நான் அங்கே சொன்னதில் இன்னும் மெய்யாகாதது அது ஒன்றுதான். அதை மெய்யாக்க என்னால் முடியாது, வெல்டிங் கடைக்காரராலும் முடியாது. பிஸ்கட் டின் மேசை மேலேயே இருக்கிறது. கடல் அமைதியாக இருக்கட்டும், பத்திரமாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
மூன்று பேர் வசிக்கும் வீட்டிலிருந்து,
உங்கள் வீட்டுக்காரி