நாலாவது மாடியின் இருட்டு

மார்ச் 4
மேனேஜர் இன்றும் கூப்பிட்டுவிட்டார். சுவரில் உள்ள பெட்டியில் அட்டையைச் செருகினால்தான் ஓட்டல் அறையில் விளக்கு எரியும், ஆள் எடுத்துக்கொண்டு போனால் அணையும். கெஞ்சிக் கூத்தாடி இந்த ஏற்பாட்டைச் செய்யவைத்தது நான். ஆனால் மீட்டர் ஓட்டம் குறையவில்லை. “இந்த மாசமும் கரண்ட் செலவு குறையலன்னா வெளி ஆளுங்கள வெச்சுக்கறேன்” என்றார். அப்புறம் இந்த எலக்ட்ரீஷியனுக்கு இங்கே என்ன வேலை?

மார்ச் 5
வயரிங்கில் பழுதே இல்லை.

மார்ச் 7
ஸ்கூட்டரில் என்னை அழைத்துப்போக வந்த தங்கை நிமிர்ந்து பார்த்தாள். “நாலாவது மாடி மொத்தமும் காலின்னியேக்கா? அப்புறம் ஏன் ஜெகஜ்ஜோதியா எரியுது?”

மேலே ஓடினேன். காலி அறை ஒவ்வொன்றிலும் பெட்டிக்குள் ஏதோ ஓர் அட்டை. பழைய விசிட்டிங் கார்டு, சீட்டுக்கட்டு ராஜா... ஓர் அறையில் என் அடையாள அட்டை! போன மாதம் தொலைத்தது.

மார்ச் 8
அறைகளைச் சுத்தம் செய்யும் அக்காவிடம் சண்டைக்குப் போனேன். அவர் அசரவில்லை. “கதவத் தொறந்தா கும்மிருட்டு. பெட்டி எங்கன்னு தடவித் தடவி ஒருத்தர் விழுந்தே போயிட்டார். திட்டு வாங்கினது நாங்கதானே? அதான், நாங்களே ஒண்ணு சொருகி வெச்சிடறோம்.”

கோபம் புஸ்ஸென்று போய்விட்டது. வயர் குறையட்டும் என்று பெட்டியை அலமாரிப் பக்கம் தள்ளிப் பொருத்தியது நான்தான். பட்டப்பகலில் நின்று இடம் பார்த்தால் எல்லாம் தெரியத்தானே செய்யும்! இன்று திரைச்சீலையை இழுத்துவிட்டு இருட்டில் நுழைந்தேன். கை தானாகப் போன இடத்தில் பென்சிலால் குறி போட்டேன். பெட்டியை அங்கே மாற்றி, அதன்மேல் எப்போதும் எரியும் ஒரு குட்டி விளக்கு வைத்தேன். “இது போதும்மா. இனிமே நாங்க ஏன் சொருகப்போறோம்?” என்றார் அக்கா.

மார்ச் 15
எல்லா அறையும் முடிந்தது. தோள்பட்டை விண்விண் என்று தெறிக்கிறது.

ஏப்ரல் 10
மேனேஜர் கூப்பிட்டார். “வராந்தாவுக்கும் ஏதாவது யோசிங்க” என்றார், அவ்வளவுதான். வெளி ஆள் பேச்சையே எடுக்கவில்லை. அப்பாடா!

சாயங்காலம் தங்கை மேலே பார்த்துவிட்டு, “என்னக்கா, நாலாவது மாடியில கரண்ட் போயிடுச்சா?” என்றாள்.

“இல்லடி. வண்டிய எடுக்காத, இன்னும் கொஞ்சம் பாத்துட்டு வரேன்.”