மூன்று விசிறியா, ஆறு ஜிபியா

3 மார்ச், திங்கள்

சரளை இரண்டு லோடு. மழை. லாரி சேற்றில் ஒரு தடவை மாட்டியது, குற்றம் ஓட்டியவன்மேல்தான், அதாவது என்மேல்.

மகள் சியாலே படித்த கல்லூரிக்கு நூறு வயதாகிறது. விழாவைப் படம் பிடிக்கும் வேலைக்கு அவளோடு சேர்த்து மூன்று பேர் போட்டி. 28ஆம் தேதி மூன்று நிமிட மாதிரிப் படம் காட்ட வேண்டும். படமெல்லாம் எடுத்துவிட்டாள். வெட்டி ஒட்டத்தான் முடியவில்லை. கம்ப்யூட்டரில் படம் ஓடுவதில்லை, நொண்டுகிறது. "அப்பா, கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு போட்டா சரியாயிடும்" என்றாள். சரி என்று தலையாட்டினேன். அது என்ன பொருள் என்று எனக்குத் தெரியாது.

5 மார்ச், புதன்

தெரிந்துகொண்டேன். ஆக்லாந்தில் இருக்கும் மச்சான் லொபெட்டி போனில் ஒன்றைக் காட்டினான். பழசுதான், ஆனால் மூன்று விசிறி. செங்கல் மாதிரி கனம், வண்ண வண்ண விளக்கு வேறு. "எடுத்துக்கோ மாமா, சும்மா தர்றேன்" என்றான். மூன்று விசிறி! மனைவி கலோலைனி எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்லயே ஒரு ஃபேன்தான் ஓடுது, இதுக்கு மூணா?" என்றாள்.

8 மார்ச், சனி

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஹாலாவிடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். மூன்று விசிறி என்றதும் சிரித்தே விட்டான்.

"அண்ணே, உங்க பெட்டிக்குள்ள கரண்ட் குடுக்குறது முந்நூறு வாட்தான். அந்தப் பூதத்தை மாட்டினா ஆன் பண்றப்பவே படுத்துடும். சைக்கிள்ல உங்க லாரிய கட்டி இழுப்பீங்களா?"

"அப்ப எதுதான்டா வாங்குறது?"

"ஃபோட்டோ மட்டும்னா கார்டே வேணாம், மெமரி கூட்டினா போதும். வீடியோவுக்குத்தான் கார்டு. சின்னதா, தனி கரண்ட் வயர் கேக்காததா, ஆறு ஜிபி இருக்கிறதா பாருங்க. விளக்கெல்லாம் எரியாது. வேலை செய்யும்."

விளக்கு எரியாது என்றதும் எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் இப்படி ஓர் ஆசை.

9 மார்ச், ஞாயிறு

கோயிலில் பிரசங்கம் காதில் ஏறவில்லை. நாலு ஜிபியா, ஆறு ஜிபியா என்றே மனம் ஓடியது. ஆறு. லொபெட்டியிடம் சொல்லியாயிற்று.

15 மார்ச், சனி

வந்துவிட்டது. விமானத்தில் வந்த சொந்தக்காரர் ஒருவர் சட்டைகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தார். என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் நீளம். லாரி எஞ்சினையே பிரித்துப் போடுகிறவன் நான், இதை மாட்ட அரை மணி நேரம் பிடித்தது. முதலில் திரை கறுப்பு. எனக்கு வியர்த்துவிட்டது. சியாலே பின்னால் வந்து, "அப்பா, மானிட்டர் வயரப் பழைய ஓட்டையிலயே சொருகியிருக்க" என்றாள். மாற்றிச் சொருகினோம். படம் ஓடியது. தண்ணீர் மாதிரி ஓடியது. மூன்று பேரும் சமையலறை வரை ஆடிக்கொண்டே போனோம்.

16 மார்ச், ஞாயிறு

முட்டாள், முட்டாள். என்னைத்தான்.

கோயில் முடிந்து மெலெனைட்டே அக்கா சாப்பிட வந்தாள். நான் வாயை மூடிக்கொண்டு, இலையில் பொதிந்து சுட்ட லூவைத் தின்றிருக்கலாம். "அக்கா, நம்ம வீட்டு கம்ப்யூட்டர் மாதிரி இந்தத் தீவிலயே இல்ல" என்றேன். அக்கா உள்ளே போய் உட்கார்ந்து பார்த்தாள். எங்கள் ஊர் வழக்கம், அக்கா படம் பார்க்கிற அறையில் தம்பி இருக்கக் கூடாது. வாசலில் நின்று, முதுகைக் காட்டியபடி, ஆறு ஜிபியின் பெருமையைச் சொன்னேன்.

"நல்லாத்தான் இருக்கு. சிட்னியில இருக்கிற என் மக போன்ல பேசுறப்ப மூஞ்சி நின்னு நின்னு வருது. இது எனக்கு வேணும். நாளைக்குக் கொண்டு வந்துரு."

அது இணையக் கோளாறு, கார்டு என்ன செய்யும்? யார் சொல்வது? எங்கள் முறையில் பிள்ளைகளுக்கு அத்தைதான் எல்லோருக்கும் மேல், அவள் கேட்டால் கொடுக்க வேண்டியதுதான். சியாலே பிறந்த நாளிலிருந்து இந்த வீட்டில் அக்கா கைவைத்த எதற்கும் மறுபேச்சு இல்லை. தெரிந்தும் பீற்றிக்கொண்டேனே. ஏன்டா, உனக்கு வாய் எதற்கு?

17 மார்ச், திங்கள்

கம்ப்யூட்டரை அக்கா வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். போனது லாரியின் முன் சீட்டில், பெல்ட் போட்டு. கலோலைனி என்னோடு பேசவில்லை. சியாலே, "பரவால்லப்பா" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

19 மார்ச், புதன்

சியாலே நேராக அத்தை வீட்டுக்கே போய்விட்டாள்! "அத்தை, உங்க கம்ப்யூட்டர்ல நான் கொஞ்சம் வேலை பாத்துக்கவா?" என்று கேட்டாளாம்.

"பாரு. எனக்கும் பக்கத்துல ஒரு நாற்காலி போடு."

இது எனக்கு ஏன் தோன்றவில்லை? மூளைக்கும் ஆறு ஜிபி வேண்டும்.

22 மார்ச், சனி

தினமும் போகிறாள். அக்கா பக்கத்தை விட்டு நகர்வதில்லையாம். அண்டை வீட்டுக்காரர்கள் பாட்டுப் போட்டால் ஜன்னல் வழியாகவே ஒரு சத்தம், உடனே நிறுத்தம். எங்கள் வீட்டில் இந்த அமைதி கிடைத்திருக்குமா? நானே பத்து தரம் எட்டிப் பார்த்திருப்பேன். யோசனையும் சொல்கிறாளாம். "அந்தப் பொம்பள மூஞ்சி ரெண்டு தரம் வருது. ஒண்ணு போதும், அதுவே அதிகம்." சியாலே பார்த்தால், அது சரியான வெட்டுதானாம்.

26 மார்ச், புதன்

முடிந்துவிட்டது. நான் இன்னும் பார்க்கவில்லை. தூக்கம் வரவில்லை, பசி மட்டும் நன்றாக இருக்கிறது.

28 மார்ச், வெள்ளி

கல்லூரிக் குழுவினர் ஐந்து பேர் அக்கா வீட்டுக்கே வந்தார்கள், வரவழைத்தவள் அக்கா. கலோலைனி உள்ளே போனாள். அக்கா நடுவில் உட்கார்ந்திருந்ததால் நான் வெளியே, தண்ணீர்த் தொட்டியருகே. கல்லூரிப் பாட்டு கேட்டது. பெண்கள் சிரிப்பு. மணியோசை. பிறகு யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

அப்புறம் குழுத் தலைவியம்மாவின் குரல்: "விழா அன்னிக்கு நீ எத்தனை மணிக்கு வருவேம்மா?"

சியாலே வாய் திறப்பதற்குள் அக்கா: "ஏழுக்கே வருவா. முன்னாடி ரெண்டு நாற்காலி போட்டு வைங்க. கூட நானும் வர்றேன்."

மூன்று நிமிடப் படத்தை நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. காதால் கேட்டதில், ஓர் இடத்திலும் நிற்கவில்லை.