இருக்கிற இடம் தெரியாது

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் இடுப்பு வலி குறைந்ததா?

போன வாரம் கிடங்கில் ஒரு பெட்டி சரிந்து கையில் விழுந்தது. இரண்டு விரலுக்குக் கட்டு, அவ்வளவுதான். போன் உடைந்துவிட்டது, அதனால்தான் கடிதம். ஆஸ்பத்திரியில் நர்ஸ், "வீட்ல யாருக்குச் சொல்லணும்?" என்றார். "யாரும் இல்லைங்க" என்றேன். உதவித்தொகை மனுவில், புருஷன் விட்டுப் போய்விட்டான், இருக்கிற இடம் தெரியாது என்றுதானே நாம் எழுதினோம்? நான் மட்டும் மாற்றிச் சொல்லலாமா?

குறையாகச் சொல்லவில்லை. என் சம்பளம் இன்னும் வேலை வாங்கித் தந்த ஏஜென்டின் கடனுக்கே போகிறது. அந்த உதவித்தொகை மாதாமாதம் உன் கணக்கில் விழுவதால்தான் அடுப்பு எரிகிறது, பாப்பா பள்ளிக்கூடம் போகிறாள். எனக்கு ஒரு மாதம் லீவு கொடுத்தார்கள். வந்தால் தெருவே பார்க்கும், பணம் நின்றுவிடும். வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கடைசியாகப் போனில் பேசியபோது பாப்பாவிடம், "அப்பா எங்கடா செல்லம்?" என்று விளையாட்டாகக் கேட்டேன். "தெரியாது" என்றாள். நன்றாகப் பழக்கியிருக்கிறாய்.

ஆணியில் தொங்கும் என் ஸ்வெட்டரை அனுப்பி வை. விசாரணைக்கு வருகிறவர் கண்ணில் பட வேண்டாம், எனக்கும் குளிருக்கு ஆகும்.

வேலைக்குப் போகிற வண்டி ஹார்ன் அடிக்கிறது. பெயர் போடவில்லை, கையெழுத்து உனக்குத் தெரியும். பாப்பாவுக்கு ஒரு தடவை படித்துக் காட்டிவிட்டு அடுப்பில் போட்டுவிடு.